பற்பசைப் பெட்டியில் ஒரு கவிதை ரயில்

கவிதையை எழுதி முடித்துவிட்டு ஓரத்தில் கடதாசிப் பூ ஒட்டுவதோடு பல வகுப்புகளில் கவிதையும் கைவேலையும் முடிந்துவிடுகிறது. இங்கே வேலையைத் தலைகீழாகச் செய்யப் போகிறோம். முதலில் ரயில், அப்புறம்தான் கவிதை. தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு பாடவேளை போதும்.

சேர்க்க வேண்டியவை

பற்பசை வந்த மட்டைப் பெட்டி, போத்தல் மூடிகள், ஈர்க்கு விளக்குமாற்றிலிருந்து உடைத்த தடித்த ஈர்க்கு, போன வருடத்துக் கலண்டர் தாள், கடதாசிக் கிளிப், பைண்டர் கம். பிறிஸ்டல் போர்ட் வாங்கி வரச் சொல்லாதீர்கள். கழிவுப் பொருளில் கைவேலை என்று சொல்லிவிட்டுப் பெற்றோரைக் கடைக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை.

முதல் நாள்: ரயில் பெட்டிகள்

பற்பசைப் பெட்டியின் ஒட்டுப் பகுதியை மெதுவாகப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி மடித்து மறுபடி ஒட்டுங்கள். வெளிப்புற மினுமினுப்பில் கம் சரியாகப் பிடிக்காது. உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால் நன்றாகப் பிடிக்கும். காயும் வரை உடுப்புக் கிளிப் ஒன்றைப் போட்டு வைக்கலாம். காய்ந்த பின் 6 செ.மீ. அளவில் வெட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு நான்கு துண்டு வேண்டும்.

சில்லுக்கான மூடிகளில் நீங்களே வீட்டில் துளை போட்டு எடுத்துச் செல்லுங்கள். வகுப்பில் ஆணியும் சுத்தியலும் வேண்டாம். பெட்டியின் குறுக்கே ஈர்க்கைச் செருகி இரு பக்கமும் மூடியை மாட்டினால் சரி. பெட்டிகளைக் கம் போட்டு இணைக்கக் கூடாது, கடதாசிக் கிளிப்பால்தான் கோக்க வேண்டும். ஏன் என்பது நாளைக்குத் தெரியும்.

இரண்டாம் நாள்: வரிகள்

கொழும்பில் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை கடலை ஒட்டியே ரயில் போகிறது. பிள்ளைகளில் பலர் அதில் போயிருப்பார்கள், மற்றவர்கள் பார்த்தாவது இருப்பார்கள். என்ன கேட்டது, என்ன மணந்தது, யார் ஏறினார்கள் என்று கேளுங்கள். ஒரு நிபந்தனை மட்டும்: அழகு, இனிமை, மகிழ்ச்சி ஆகிய மூன்று சொற்களுக்கும் இந்த ரயிலில் டிக்கெட் இல்லை.

கலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, பெட்டிக்கு ஒரு வரியாகப் பென்சிலால் எழுதி, ஒட்டாமல் பெட்டியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். இடம் குறைவு என்பதால் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் கொள்ளாது. நீட்டி முழக்கும் பிள்ளையும் தானாகவே சொல்லைக் குறைக்கும். மாதிரிக்கு:

கரையோரம் ஓடுது ரயில்
வெள்ளவத்தையில் நின்றது
வடை வாசம் ஏறியது
அலை ஏறவில்லை

‘வடை வாசம்’ என்பதில் மோனை இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு மேலே போங்கள், இலக்கண வகுப்பாக்கிவிட வேண்டாம்.

இப்போது கிளிப்பைக் கழற்றி, கடைசிப் பெட்டியை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘அலை ஏறவில்லை’ என்று தொடங்கினால் ‘எதில்?’ என்ற கேள்வி எழுகிறது. பதில் அடுத்த வரியில் வருகிறது. அதே நான்கு வரி, வேறு கவிதை. கொப்பியில் எழுதியதைத் திருத்தச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகள், பெட்டியை மாற்றி மாற்றிக் கோத்து வாசிக்கச் சலிப்பதில்லை. இந்த வேலைக்கு நேரத்தைத் தாராளமாக விடுங்கள். எந்த ஒழுங்கு பிடித்தது, ஏன் என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லவும் வையுங்கள்.

ஒழுங்கு முடிவானதும் பேனையால் எழுதி ஒட்டலாம். எழுத்துப் பிழையை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ரயிலின் மேல் சிவப்புப் பேனை படக் கூடாது.

தரம் 3 என்றால் சில்லை விட்டுவிடுங்கள். மேசையில் தள்ளி விளையாட வெறும் பெட்டிகளே போதும், வரியும் மூன்று போதும்.