ஸ்டாசி கோப்பைப் படிப்பது எப்படி?

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி விட்டுச்சென்ற கோப்புகளை அடுக்கினால் சுமார் 111 கிலோமீட்டர் நீளும். வேவு பார்க்கப்பட்டவர் தன் கோப்பைத் தானே படிக்கும் உரிமையை 1991 டிசம்பர் சட்டம் தந்தது. 2021 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர், பிறந்த தேதியோடு 1990க்கு முன் குடியிருந்த முகவரிகளையும் எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

கோப்பு வந்ததும் முதலில் அட்டை. 'ஓ.பி.கே.' என்றால் சந்தேகத்தின் பேரில் கண்காணிப்பு. 'ஓ.வி.' அதைவிடக் கடுமை: எதிரி என்றே வைத்து நடத்திய வழக்கு. உள்ளே 'ஏ நடவடிக்கை' என்பது தொலைபேசி ஒட்டுக்கேட்பு. 'பி' என்றால் வீட்டுக்குள்ளேயே மைக் வைத்திருக்கிறார்கள்.

'ஐ.எம்.' என்ற எழுத்துகளுக்குப் பின் வருவது தகவல் கொடுத்தவரின் புனைபெயர். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நடையை வைத்து, 'இது என் தோழிதான்' என்று முடிவு கட்டாதீர்கள். வாயால் சொன்னதை அதிகாரி தன் சொற்களில் எழுதியிருப்பார். உண்மைப் பெயரைக் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

'நடவடிக்கைத் திட்டம்' என்ற தாளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 1976இன் 1/76 உத்தரவுப்படி, கைது செய்யாமலே ஒருவரைச் சிதைக்கும் வழிகள் அதில் இருக்கும்: வதந்தி, வேலையில் திட்டமிட்ட தோல்வி, நண்பர்களுக்குள் மூட்டிவிடும் சந்தேகம். அந்தத் தேதிகளை உங்கள் வாழ்க்கையோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது.

கோப்பு மெலிதாக இருந்தால் கண்காணிக்கவில்லை என்று பொருளல்ல. 1989 இறுதியில் ஆட்சி சரிந்தபோது ஸ்டாசி அதிகாரிகள் கிழித்த தாள்கள் ஏறத்தாழ 16,000 மூட்டைகள் மிஞ்சின. அவற்றில் ஒரு பகுதியைக் கையால் ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி விண்ணப்பியுங்கள்.