கர்ப்பத்தில் மூளைக் கட்டி என்று தெரிந்தால்

எந்த வாந்தி வந்தாலும் மசக்கை என்று சொல்லிவிடுவது நம் வீடுகளில் வழக்கம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் விடியும்போதே தலைவலியோடு எழுந்திருக்கிறீர்கள், குனிந்தால் இருமினால் வலி கூடுகிறது, பார்வை மங்குகிறது அல்லது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்காராதீர்கள், டாக்டரைப் பாருங்கள். ஃபிட்ஸ் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. 20 வாரம் தாண்டியிருந்தால் ரத்த அழுத்தத்தால் வந்த வலிப்பா என்றுதான் முதலில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும்.

ஸ்கேனுக்குப் பயந்து நாள் கடத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் ஊசியை மட்டும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். அவசரத்துக்குத் தலையில் சிடி எடுத்தாலும் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு.

கட்டி என்றதும் கருவைக் கலைக்கணுமா என்று வீட்டில் பேச்சு கிளம்பும். அவசரப்படாதீர்கள். சாதுவான கட்டி, தொந்தரவும் இல்லை என்றால் பிரசவம் வரை கண்காணித்தே ஓட்டலாம். ஆபரேஷன் தேவை, ஆனால் கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் பெரும்பாலும் நடு மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மாதக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டார்கள். புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) சுரக்கும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வந்த சின்னக் கட்டி என்றால் கர்ப்பம் உறுதியானதும் காபர்கோலின் மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம், ஆனால் அதை டாக்டர் சொல்லணும், நீங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். வால்புரோயேட் சாப்பிடுகிறவர்கள், முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே, டாக்டரிடம் பேசி லெவெடிராசெட்டம் மாதிரி வேறொன்றுக்கு மாறப் பாருங்கள்.

மூளை டாக்டரும் பிரசவ டாக்டரும் மயக்க டாக்டரும் முன்கூட்டியே கலந்து பேசினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தால் மூவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கும் இடமாகப் பாருங்கள். தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வது சிலருக்கு ஆபத்தில் முடியலாம் என்பதால், மயக்க டாக்டர் பார்த்து முடிவெடுக்கப் பழைய ஸ்கேன் படங்கள் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். சிசேரியன்தான் என்று கட்டாயமில்லை. அழுத்தம் இல்லாதவர்களுக்குச் சுகப்பிரசவமும் உண்டு.

பிரசவத்துக்கு அப்புறம் அரசு ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியைச் சொல்வார்கள். உங்களுடையது மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் கட்டி) என்றால் நியூரோ டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். அதிலிருக்கும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது.