தாரிஃபாவில் வலசைப் பறவைகளைப் பார்ப்பது எப்படி? முதன்முறை செல்பவர்களுக்கு

மேற்கு ஐரோப்பாவில் கூடு கட்டும் செங்கால் நாரைகள், பருந்துகள், கழுகுகள் ஆகியவற்றில் ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் பெரும்பாலானவை ஸ்பெயினின் தென்முனையைக் கடக்கின்றன. அங்கே தாரிஃபா என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. எதிரே மொராக்கோ. நடுவில் ஜிப்ரால்டர் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 14 கி.மீ. மட்டுமே.

இந்தப் பறவைகள் இங்கே குவிவதற்குக் காரணம் அவற்றின் பறக்கும் முறை. அகன்ற சிறகுடைய பெரிய பறவை சிறகடித்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக முடியாது. வெயிலில் சூடான நிலத்திலிருந்து மேலே எழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயரம் ஏறும். பிறகு சிறகை விரித்தபடி சறுக்கிக்கொண்டு அடுத்த வெப்பக்காற்றுக்குப் போகும். கடலின் மேல் அந்தக் காற்று கிடைக்காது. ஆகவே கடல் எங்கே குறுகலோ அங்கே வந்து சேருகின்றன, புனலில் கொட்டிய தானியம் போல. இத்தாலியின் மெஸ்ஸினாவும் துருக்கியின் பாஸ்பரஸும் இதே வகை இடங்கள்தான். ஆனால் தொடங்குபவர்களுக்கு நான் தாரிஃபாவையே சொல்வேன். மலை, கடற்கரை, உப்பளம், நெல்வயல் எல்லாம் ஒரே நாள் பயணத்துக்குள் அடங்கும் இடம் இது.

புதியவர்கள் பறவைப் படங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, காற்றைப் பற்றி எதுவும் தெரியாமல் வெற்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்று. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பறவை தானாகவே உங்கள் தலைக்கு மேல் வரும். இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பறவைகளும் ஒரே சமயத்தில் போவதில்லை. ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் செங்கால் நாரைகளும் கள்ளப்பருந்துகளும் பெருங்கூட்டமாகக் கடக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை தேன்பருந்துகள். செப்டம்பர் முழுக்க பாம்புக்கழுகு, மஞ்சள்முகப் பாறு (பிணந்தின்னிக் கழுகு வகை), ஸ்பெயின்காரர்கள் ‘கல்சாதா’ என்று அழைக்கும் சிறு கழுகு ஆகியவை. அக்டோபர், நவம்பரில் பெரும் பாறுக் கழுகுகள்.

ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் செப்டம்பரின் நடுவாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தின் அளவு ஆகஸ்டைவிடக் குறைவாக இருக்கலாம். வகைகள் அதிகம், வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும். கூட்டம்தான் வேண்டும், ஆயிரம் நாரைகளை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஆகஸ்ட் முதல் பாதியில் வரலாம்.

இரண்டாம் படி: கருவிகள்

8×42 பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு பெருக்கம் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் தாரிஃபாவின் காற்றில் கை நடுங்கும்போது அந்த நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பார்வைப் பரப்பும் சுருங்கும். முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்கோப்பை முதல் பயணத்துக்கு வாங்க வேண்டாம்.

புதிய பைனாகுலரை வாங்கியதும் கண்ணுக்குத் தகுந்தபடி சரிசெய்துகொள்ளுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி, தொலைவில் உள்ள ஒரு பலகையின் எழுத்தை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அதன்பின் அந்த வளையத்தைத் தொடவே வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

பறவையைக் கண்டதும் பைனாகுலரைக் குனிந்து தேடாதீர்கள். பார்வையைப் பறவைமீதே வைத்தபடி கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வெற்று நீல வானத்தில் குவியம் கிடைக்காது. எனவே காலையில் வந்து நின்றதும் தொலைவில் உள்ள மலைமுகட்டுக்குக் குவியத்தைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறு பழக்கம் ஒன்றே பாதிப் பறவைகளைத் தவறவிடாமல் காக்கும்.

தொப்பி, தண்ணீர், காற்றுத் தடுக்கும் மேலாடை ஆகியவை கட்டாயம்.

மூன்றாம் படி: நீர்நிலையில் பழகுங்கள்

முதல் நாளே கழுகுகளை அண்ணாந்து பார்க்கப் போகாதீர்கள். நீர்ப்பறவைகள் பெரியவை, திறந்த வெளியில் நிற்பவை, அவசரப்படாதவை. கண்ணும் கையும் ஒத்துழைக்கப் பழகுவதற்கு அவையே சரியானவை.

தாரிஃபாவை ஒட்டியே லாஸ் லான்செஸ் கடற்கரை இருக்கிறது. மணலின் பின்னால் தேங்கும் ஆழமற்ற நீரில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரை தேடும். காதிஸ் விரிகுடாவின் உப்பளங்களில் பூநாரை, நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், அலகு மேல்நோக்கி வளைந்த கோணமூக்கு உள்ளான் ஆகியவற்றைப் பார்க்கலாம். கோடிக்கரையிலோ பழவேற்காட்டிலோ பூநாரையைப் பார்த்தவர்களுக்கு இங்கே நிற்பதும் அதே இனம்தான். நெடுங்கால் உள்ளானும் அப்படியே. ஆகவே தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர் முதல் நாளிலேயே சில பெயர்களைத் தயங்காமல் சொல்லிவிடலாம்.

தாரிஃபாவுக்கு வடமேற்கே லா ஹாந்தா. ஒரு காலத்தில் ஸ்பெயினின் பெரிய ஏரிகளுள் ஒன்றாக இருந்தது. சென்ற நூற்றாண்டில் நீரை வடித்து விளைநிலமாக்கிவிட்டார்கள். ஏரி போனது பேரிழப்பு. என்றாலும் அங்குள்ள நெல்வயல்களும் கால்வாய்களும் இன்றும் ஏராளமான பறவைகளுக்குச் சோறு போடுகின்றன. நாரைகள், உண்ணிக்கொக்குகள், கூட்டமாக மேயும் அரிவாள்மூக்கன்கள், வயலின் மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகள் எல்லாம் அங்கே உண்டு. மண்பாதைகளில் வண்டிக்குள் இருந்தபடியே பாருங்கள். வண்டியைக் கண்டு அஞ்சாத பறவை, மனிதன் இறங்கியதும் பறந்துவிடும். தனியார் நிலம் என்ற பலகை இருந்தால் அதற்கு மேல் போகக்கூடாது.

அதே சாலையில் லா பார்க்கா தே வெஹேர் என்ற இடத்தில், சாலையோரப் பாறைச் சரிவிலேயே மொட்டைத்தலை அரிவாள்மூக்கன்கள் கூடு கட்டுகின்றன. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் இல்லாமல் போயிருந்த பறவை அது. கூண்டில் வளர்த்த பறவைகளை விடுவித்து மீட்கும் திட்டத்தின் பலனாக 2008இல் இந்தப் பகுதியில் காட்டுநிலையில் மீண்டும் குஞ்சு பொரித்தது. இனப்பெருக்கக் காலம் வசந்தத்தில்தான். ஆனால் செப்டம்பரிலும் சுற்றுவட்டாரப் புல்வெளிகளில் மேயும் கூட்டத்தைக் காண வாய்ப்பு உண்டு.

தோஞானா தேசியப் பூங்காவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஐரோப்பாவின் புகழ்பெற்ற சதுப்புநிலம் என்று படித்துவிட்டுப் பலர் கோடையின் முடிவில் அங்கே செல்கிறார்கள். தோஞானாவின் சதுப்பு மழையை நம்பியது: குளிர்கால மழையில் நிறைந்து, கோடையில் வறண்டு வெடித்துக் கிடக்கும். அங்கே போக ஏற்ற காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதுவும் மழை பொய்க்காத ஆண்டுகளில். சுற்றுப்புறத்து ஸ்ட்ராபெரிப் பண்ணைகளும் ஊர்களும் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் நிலைமை மோசமாகிக்கொண்டே வருகிறது. 2021இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்காக ஸ்பெயின் அரசைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. பூங்காவின் மிகப் பெரிய நிரந்தரக் குளமான சாந்தா ஒலாயா 2022, 2023 ஆகிய இரு கோடைகளிலும் வற்றிப்போனது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து சேரும் வாத்துகளுக்கு இதற்கு ஈடான வேறு இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆகவே அங்கே போகும்போது எந்தக் குளத்தில் நீர் இருந்தது, எதில் இல்லை என்பதையும் குறித்து வாருங்கள்.

நான்காம் படி: காற்றைப் படியுங்கள்

தாரிஃபாவில் இரண்டே காற்றுகள். கிழக்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வீசுவது லெவாந்தே. மேற்கிலிருந்து, அட்லாண்டிக்கிலிருந்து வீசுவது பொனியெந்தே. இரவு படுக்கும் முன் மறுநாள் காற்றின் திசையையும் வேகத்தையும் வானிலைச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

மிதமான லெவாந்தே வீசினால் பறவைகள் மேற்கே தள்ளப்படும். தாரிஃபாவுக்குச் சற்று மேலே, அல்ஹெசிராஸ் போகும் நெடுஞ்சாலையோரம் உள்ள கசாயா காட்சிமேடைக்குப் போங்கள். பொனியெந்தே வீசினால் பறவைகள் கிழக்கே ஒதுங்கும். அல்ஹெசிராஸ் அருகில் உள்ள எல் அல்காரோபோ மேடை அல்லது ஜிப்ரால்டர் பாறைதான் அன்றைக்குச் சரி.

லெவாந்தே கடுமையாக வீசினால்? பறவைகள் கடக்கவே மாட்டா. சிறகடித்துப் போகும் வலு குறைந்த பறவையைக் காற்று அட்லாண்டிக்குக்குள் தள்ளிவிட்டால் மீட்சி இல்லை. அவை கரையோரம் வரை வந்து, கடலைப் பார்த்துத் திரும்பி, மலைச்சரிவுகளிலும் வயல்களிலும் காத்துக் கிடக்கும். இதைக் கண்டு மனம் தளராதீர்கள். இரண்டு மூன்று நாள் கடுங்காற்று வீசி, நான்காம் நாள் அடங்கினால், தேங்கிய கூட்டம் அனைத்தும் ஒரே காலையில் புறப்படும். தாரிஃபாவில் பெறக்கூடிய மிகச் சிறந்த நாள் அதுதான். பயணத்தை நான்கைந்து நாளாவது திட்டமிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

விடியும் முன் ஓட வேண்டியதில்லை. செப்டம்பரில் அங்கே சூரியன் உதிக்கவே ஏறக்குறைய எட்டு மணி ஆகும். நிலம் சூடேறிய பிறகுதான் கழுகுகள் எழும். ஒன்பதரை மணிக்கு மேடையில் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது

கடலைப் பார்த்து நிற்காதீர்கள். பறவைகள் வருவது வடக்கிலிருந்து. மலைமுகட்டின் விளிம்பை ஒட்டிப் பைனாகுலரை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். பிறகு சற்று மேலே இன்னொரு வரிசை. வெண்மேகம் இருந்தால் அதன் பரப்பைத் தவறாமல் பாருங்கள். நீலத்தில் மறைந்துபோகும் புள்ளி மேகத்தின் முன் கறுப்பாகத் தெரியும்.

நிறத்தை நம்ப வேண்டாம், முதலில் உருவம். கள்ளப்பருந்தின் வால் நுனியில் சிறு பிளவு இருக்கும். பறக்கும்போது அந்த வாலை ஓயாமல் முறுக்கும். சென்னை மீன் சந்தையின் மேல் வட்டமிடும் அதே பருந்துதான். தேன்பருந்தின் தலை புறாவின் தலை போலச் சிறியது, முன்னால் நீண்டிருக்கும். சறுக்கும்போது சிறகுகள் கிடையாக இருக்கும். பாறுக் கழுகு மிகப் பெரியது, வால் குட்டை, வட்டமிடும்போது சிறகுகளைச் சற்று மேல்நோக்கி உயர்த்தியிருக்கும். கல்சாதா கழுகின் வெளிர்வகைக்கு அடிச்சிறகின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. நேராக நம்மை நோக்கி வரும்போது கழுத்தின் இருபுறமும் இரண்டு வெண்புள்ளிகள் பளிச்சென்று தெரியும்.

வெள்ளை உடல், கறுப்புச் சிறகு விளிம்பு என்றால் அது செங்கால் நாரையாகவும் இருக்கலாம், மஞ்சள்முகப் பாறாகவும் இருக்கலாம். நாரையின் கழுத்து முன்னால் நீண்டிருக்கும், சிவந்த கால்கள் வாலுக்குப் பின்னால் நீளும். பாறுக்கு ஆப்பு வடிவ வால், கால்கள் தெரியாது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து பிரசாதம் உண்ட கழுகுகள் இந்த இனமே. அங்கே வருகை நின்றுபோனதை அறிந்தவர்களுக்கு, ஒரு காலையில் பல பாறுகள் தலைக்கு மேல் கடப்பதைப் பார்ப்பது சாதாரண அனுபவமாக இருக்காது.

பாம்புக்கழுகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதியவர்கள் கற்க அதைவிட நல்ல பறவை இல்லை. எதிர்காற்றில் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும். பெரும்பாலானவற்றுக்கு அடிப்பகுதி வெளுத்து, தலையும் மார்பும் மட்டும் பழுப்பு முக்காடு இட்டாற்போல் இருக்கும். வாலில் அகன்ற இடைவெளியுடன் மூன்று பட்டைகள். தாழ வந்தால் ஆந்தையைப் போன்ற பெரிய தலையும் அதில் மஞ்சள் கண்களும் தெரியும். உடல் அசையாமல் சிறகு நுனிகள் மட்டும் காற்றைத் திருத்திக்கொண்டே இருப்பதை அரை நிமிடம் பார்த்துவிட்டால் பிறகு எந்தத் தொலைவிலும் அதைத் தெரிந்துகொள்வீர்கள்.

ஆறாம் படி: எண்ணுங்கள்

வட்டமிட்டு ஏறும் கூட்டத்தை எண்ண முயலாதீர்கள், குழம்பிவிடும். உச்சிக்கு ஏறியதும் நாரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கிப் புறப்படும்; அந்த வரிசையை எண்ணுங்கள். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொண்டு, அதைப் பத்துப் பத்தாக நகர்த்துங்கள். இங்கே மிக்ரெஸ் என்ற திட்டத்தின் கீழ் 1997 முதல் வலசையைக் கணக்கெடுத்து வருகிறார்கள். பருவத்தில் அவர்களுடைய கணக்கெடுப்பாளர்களை மேடையில் பார்த்தால் வணக்கம் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். வானம் அமைதியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். கூட்டம் வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

அதே மலைகளில் சுழலும் காற்றாலைகளைப் பார்ப்பீர்கள். அவற்றில் அடிபட்டுப் பாறுக் கழுகுகள் ஏராளமாக மடிந்தன. கண்காணிப்பாளர்கள் ஆபத்தான விசிறிகளை மட்டும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லும் முறை வந்தபின் அந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; மின்உற்பத்தி இழப்போ மிகச் சொற்பம். வானத்தை உற்றுப் பார்க்கத் தெரிந்த மனிதர்களால் சாத்தியமானது அது.

ஏழாம் படி: குறிப்பேடு

தேதி, இடம், நேரம், காற்றின் திசையும் வேகமும், இனம், எண்ணிக்கை, போன திசை. இவ்வளவே. கடலுக்குள் போய்த் திரும்பி வந்தவற்றைத் தனியாக எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். பாறுக் கழுகுகள் இப்படித் திரும்புவது வழக்கம். உறுதியாகத் தெரியாததை “பெரிய கழுகு, இனம் தெரியவில்லை” என்றே எழுதுங்கள். அனுபவசாலிகளின் பட்டியலிலும் அந்த வரி இருக்கும். அன்று மாலையே, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றிவிட்டு, மறுநாள் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, கசாயாவா அல்காரோபோவா என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.