நாயின் உடம்பில் கட்டியா? தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

குளிப்பாட்டும்போதோ உண்ணி எடுக்கும்போதோ விரலில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வீட்டில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்கள். மெத்தென்று இருக்கிறது, தோலுக்கடியில் நழுவுகிறது, நாயும் முனகவில்லை. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "கொழுப்புக் கட்டிதான், விடு." பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். நடுவயது தாண்டி எடை கூடிய லேப்ரடாருக்குக் கொழுப்புக் கட்டி வருவது சாதாரணம். ஆனால் அதே மென்மையோடும் அதே நழுவலோடும் புற்றுக்கட்டியும் இருக்கக்கூடும். அனுபவமுள்ள மருத்துவரின் விரல்களே ஏமாறும் இடம் இது.

அப்படி ஏமாற்றுவதில் முதலிடம் மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லிலிருந்து எழும் மாஸ்ட் செல் கட்டிக்கு. நாய்களுக்கு வரும் தோல் புற்றுகளில் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று. பாக்ஸர், பக், லேப்ரடார் இனங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. சில சமயம் மருவைப் போலவும், சில சமயம் பூச்சிக்கடித் தடிப்பைப் போலவும், சில சமயம் அசல் கொழுப்புக் கட்டியைப் போலவும் தோன்றும். மாஸ்ட் செல்லுக்குள் வீக்கத்தை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அடைபட்டிருக்கிறது. கட்டியைப் பிசைந்தால் அது வெளியேறி, சுற்றிலும் சிவந்து வீங்கும், பிறகு வடிந்துவிடும். "நேற்றைக்கு இன்று சிறுத்திருக்கிறது, தானாகக் கரைகிறது" என்று வீட்டார் நிம்மதி அடைவது இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான். உண்மையில் பெருத்துச் சிறுக்கும் கட்டியைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைத் தூண்டி வாந்தியையும் குடல் புண்ணையும் கொண்டுவரும் என்பதால், தினமும் நசுக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வலிக்கவில்லை என்பதும் நற்சான்று ஆகாது. தொட்டால் சீறுகிற, சூடான கட்டி பெரும்பாலும் சீழ்க்கட்டியாக இருக்கும். புற்றுக்கட்டிகள் பல, தொடக்கத்தில் வலிப்பதே இல்லை.

சந்தேகத்தைத் தீர்க்கும் வழி எளிது. தடுப்பூசிக்குப் பயன்படுவது போன்ற மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. கொழுப்புக் கட்டியென்றால் தகட்டில் உலராத எண்ணெய்த் துளிகள் மிஞ்சும். மாஸ்ட் செல் என்றால் சாயத்தில் ஊதா நிறத் துகள்கள் நிறைந்த செல்கள் தெரியும். சில கட்டிகளில் ஊசியில் போதிய செல் வராது, அப்போது சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். உங்கள் ஊர் மருத்துவரிடம் இந்த வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை விசாரிக்கலாம்.

"ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும்" என்று சொல்லாத தெரு நம் ஊரில் இல்லை. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. கட்டி தேங்காய் அளவு ஆகிப் புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகுதான் பலர் அறுவை சிகிச்சைக்கு வருகிறார்கள். அதற்குள் அது நுரையீரல்வரை போயிருக்கும். நாய் இறந்ததும் பழி கத்தியின்மேல் விழுகிறது. ஊசி செல்லும் பாதையில் புற்று பரவுவது மிக அரிது. சிறுநீர்ப்பைப் புற்று போன்ற சில இடங்களில் மட்டும் மருத்துவர்களே எச்சரிக்கையாக இருப்பார்கள்.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு: சோதிக்காமலே "வெட்டி எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்பது. கொழுப்புக் கட்டியை அதன் ஓரத்தோடு எடுத்தால் போதும். மாஸ்ட் செல் கட்டிக்கோ, சுற்றிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பதே வழக்கம். என்னவென்று தெரியாமல் ஒட்ட வெட்டினால் மிச்ச செல்கள் மறுபடி வளரும். இரண்டாவது அறுவை முதலாவதைவிடப் பெரிதாகும். இளம் நாய்களுக்கு முகத்திலோ காதிலோ காலிலோ சிவப்புப் பொத்தான் போல எழும் ஹிஸ்டியோசைட்டோமா என்ற தீங்கற்ற கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். அதற்குக் கத்தியே தேவைப்படாமல் போகலாம்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்? பட்டாணி அளவு இருந்தாலோ, ஒரு மாதமாகியும் போகாமல் இருந்தாலோ ஊசிச் சோதனை செய்துவிடுங்கள். சில நாள்களிலேயே பெருக்கும் கட்டி, இரத்தம் கசிவது, வாய்க்குள் அல்லது கால்விரலில் வந்தது, பெரிய இன நாய் நொண்டுவதோடு கால் எலும்பில் தெரியும் கெட்டியான வீக்கம் ஆகியவற்றுக்கு இந்த ஒரு மாதக் கணக்கு பொருந்தாது. அந்த வாரமே போக வேண்டும்.

பெண் நாயின் மடியில் கட்டி வந்தால் "பால் கட்டியிருக்கிறது" என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மாதங்களைக் கழிப்பவர்கள் உண்டு. கருத்தடை செய்யாத நடுவயதுப் பெண் நாய்களுக்கு மடிக் கட்டி மிகச் சகஜம், அவற்றில் ஏறக்குறைய பாதி புற்றுக்கட்டி. காம்புகள் பொதுவாக ஐந்து ஜோடி. ஒன்றில் கட்டி கண்டால் பத்தையும் தடவிப் பாருங்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே கேளுங்கள். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு இந்தக் கட்டி வருவது மிகக் குறைவு, ஆனால் எந்த வயதில் செய்வது என்பதை இனத்தையும் பார்த்தே மருத்துவர் சொல்வார்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாயின் பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் போன்ற, இரத்தம் சொட்டும் கட்டியைக் கண்டு பயந்து மறுபடி தெருவிலேயே விட்டுவிடுவது கொடுமை. இரத்தத்தைப் பார்த்துப் பருவம் என்று நினைத்துவிடுவதும் நடக்கிறது. இது இனச்சேர்க்கையின்போதும் நக்கும்போதும் உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால் வருவது, மனிதருக்குத் தொற்றாது. வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்தை ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுதாகக் குணமாகிவிடும்.

சுண்ணாம்பு தடவுவது, நூலால் இறுக்கிக் கட்டுவது, சூடு போடுவது: இவை மூன்றுமே வேதனையைத்தான் கூட்டும். நாய் நக்காமல் இருக்காது. சுண்ணாம்பு நாக்கை வெந்துபோகச் செய்யும். இவற்றைவிட நயவஞ்சகமானது, கடையில் வாங்கிக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. தாடைக்கடியிலும் தோளுக்கு முன்னும் முழங்காலுக்குப் பின்னும் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம், லிம்போமா என்ற புற்றாகவும் இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா நெறி சட்டென்று சுருங்கும், எல்லோரும் மகிழ்வார்கள். பிறகு சோதனையில் நோய் பிடிபடாது, கீமோதெரபியும் முன்போல வேலை செய்யாது.

கட்டி என்று பதறி வருவதில் சில கட்டியே இல்லை. ஆண் நாயின் காம்பை உண்ணி என்று பிடித்து இழுத்தவர்கள் இருக்கிறார்கள். குட்டியின் தொப்புளில் புடைப்பது பெரும்பாலும் குடலிறக்கம். அதை வீட்டில் குத்திப் பார்க்கவே கூடாது. தடுப்பூசி போட்ட இடத்துச் சிறு முடிச்சு சில வாரங்களில் கரைந்துவிடும்.

அறுவை நடந்தால், எடுத்த கட்டியை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊசிச் சோதனை கட்டியின் பெயரைச் சொல்லும். அது எவ்வளவு தீவிரமானது, வெட்டிய ஓரங்கள் புற்றுச் செல் இல்லாமல் சுத்தமாக வந்தனவா என்பதைத் திசுதான் சொல்லும். செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து அதே நாய்க்கு இன்னொரு கட்டி வந்தால் பழைய அறிக்கை அதற்குச் செல்லாது. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து, தேதி குறித்து, புதிதாக ஊசிச் சோதனைக்குக் கொண்டுபோங்கள்.