அமெரிக்கப் பள்ளிகளில் குடியேறியோர் பிள்ளைகளின் தனியுரிமை: பெற்றோரும் பள்ளி ஊழியர்களும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க, குடும்பத்தின் குடியேற்ற நிலை என்ன என்று பள்ளியிடம் சொல்ல வேண்டியதே இல்லை. எந்தத் தலைமையாசிரியரும் மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல இது. முறையான ஆவணமின்றி நாட்டுக்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநில நிதி கிடையாது என்று டெக்சாஸ் 1975இல் சட்டம் திருத்தியது. அதைக் காட்டி டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் 1977இல் அந்தப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. ‘பிளைலர் எதிர் டோ’ என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்துகிறது. அரசு நிதியில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் அது பொருந்தும்.

எல்லோரும் அஞ்சுவது, குடியேற்ற அதிகாரி பள்ளி வாசலில் வந்து நிற்கும் நாளைத்தான். ஆனால் ஒரு பிள்ளையின் விவரம் வெளியே போவது பெரும்பாலும் அதற்கு வெகுநாள் முன்பே நடந்துவிடுகிறது. சேர்க்கை மேசையில் தேவையில்லாமல் கொடுத்த ஒரு நகல், ஒரு ஆசிரியர் நல்லெண்ணத்தோடு எழுதிய மின்னஞ்சல், யாரும் படிக்காத ஓர் ஆண்டு அறிவிப்பு, இவை வழியாகத்தான்.

கேட்காததையும் சேர்த்துக் கொடுப்பது

டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் என்று ஒரு கோப்பையே எடுத்துக்கொண்டு போய்ப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பாஸ்போர்ட், விசா பக்கம், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94, குடியேற்றத் துறை அனுப்பும் அறிவிப்பான ஐ-797 எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிடுகிறோம். எழுத்தர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிள்ளையின் பதிவில் ஏற்றிவிடுகிறார். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசா இன்று செல்லுபடியாகும். பெற்றோருக்கு வேலை போய் நிலை மாறினால், பழைய நகல் பள்ளிக் கணினியிலேயே கிடக்கும்.

சேர்க்கைக்குப் பள்ளி கேட்கக்கூடியவை அடிப்படையில் மூன்று: பிள்ளையின் வயது, குடும்பம் அந்தப் பள்ளி எல்லைக்குள் குடியிருப்பதற்கான அத்தாட்சி, தடுப்பூசி விவரம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும், அது எந்த நாட்டில் தரப்பட்டதாக இருந்தாலும். தமிழ்நாட்டில் பிறந்த பலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்காது. அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்று பேசுங்கள். மருத்துவமனைச் சான்று, ஞானஸ்நானச் சான்று, முந்தைய பள்ளியின் பதிவு, பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் என்று மாற்றுகள் உண்டு. மத்திய நீதித்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து 2014 மே 8 அன்று பள்ளிகளுக்கு அனுப்பிய கடிதம், வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. வேறு வழியே இல்லாமல் பாஸ்போர்ட்டைக் காட்டினால், பிறந்த தேதி உள்ள பக்கத்தை மட்டும் காட்டுங்கள். பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பித் தரச் சொல்லுங்கள், நகல் எடுக்க விடாதீர்கள்.

குடியிருப்புக்கு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, இவை இல்லையென்றால் வீட்டுக்காரரின் உறுதிமொழிக் கடிதம். ‘மாநில ஓட்டுநர் உரிமம் மட்டுமே ஏற்கப்படும்’ என்று எழுதி ஒட்டியிருக்கும் பள்ளி தவறு செய்கிறது. ஆவணமில்லாதவர்களுக்குப் பல மாநிலங்கள் உரிமமே தருவதில்லை. ஆகவே அந்த ஒற்றை வரி சில பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடும். வாடகை கட்ட முடியாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பத்துக்கு, வீடற்ற பிள்ளைகளின் படிப்புக்கான மெக்கின்னி-வென்டோ சட்டம் துணை நிற்கும். அதன்படி எந்த ஆவணமும் கையில் இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே சேர்த்தாக வேண்டும். அதைக் கவனிக்க ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்றால் கொடுக்காமல் இருக்கலாம். 1974ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டப்படி, அந்த எண் கட்டாயமா விருப்பமா, எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள், எதற்குப் பயன்படும் என்று பள்ளி சொல்ல வேண்டும். தரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. இலவச மதிய உணவுப் படிவத்தில் கையெழுத்திடும் பெரியவரின் கடைசி 4 இலக்கங்களைக் கேட்பார்கள். எண் இல்லாதவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும். கூச்சப்பட்டு வேறு யாருடைய எண்ணையாவது எழுதிவிடாதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும்.

ஐ-20 குழப்பம் பள்ளி அலுவலகங்களில் அடிக்கடி நடப்பது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை என்றதும் சில எழுத்தர்கள் ஐ-20 கேட்கிறார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்க வருபவருக்குக் கல்வி நிறுவனம் தரும் தகுதிச் சான்று அது. அவர்களும் அரசு உயர்நிலைப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதங்கள், முழுச் செலவையும் கட்டித்தான் படிக்க முடியும். எச்-4, எல்-2 போன்ற குடும்ப விசாவில் வந்தவர்கள், அடைக்கலம் கோரியிருப்போரின் பிள்ளைகள், ஆவணமே இல்லாதவர்கள் என யாருக்கும் அது வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் மட்டும் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். பள்ளியால் மறுக்க முடியாது. ஆனால் அந்த விசாவின் விதி படிப்பை அனுமதிப்பதில்லை, அதனால் வரும் பாதிப்பு குடும்பத்தின் மேல்தான் விழும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வீட்டு மொழி பற்றிய படிவத்தில், பயத்தினாலோ பெருமையினாலோ ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் படிவம் குடியேற்ற நிலையைத் தேடுவதில்லை. பிள்ளைக்கு ஆங்கில உதவி வேண்டுமா என்று சோதிக்கத்தான் அது. 1974இல் வந்த லாவ் எதிர் நிக்கல்ஸ் தீர்ப்பிலிருந்து மொழி புரியாத பிள்ளைக்கு உதவ வேண்டியது பள்ளியின் கடமை. தமிழ் என்று எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரும் கேளுங்கள், செலவு பள்ளியுடையது. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

யாரும் படிக்காத ஆண்டு அறிவிப்பு

மாணவர் பதிவுகளைக் காப்பது 1974இல் வந்த ஃபெர்பா சட்டம். பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பதிவுகளை வெளியே தரக் கூடாது என்பது அதன் அடிப்படை. அதில் ஒரு பெரிய திறப்பு இருக்கிறது. ‘டைரக்டரி தகவல்’ என்று பள்ளி அறிவித்திருப்பவற்றைச் சம்மதமின்றி யாருக்கும் தரலாம். பெயர், முகவரி, தொலைபேசி, பிறந்த தேதி மட்டுமல்ல, பிறந்த இடத்தையும் அந்தப் பட்டியலில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பிறந்த இடமும் வீட்டு முகவரியும் சேர்ந்தால் ஒருவரைத் தேடுபவருக்கு வேறென்ன வேண்டும்?

பள்ளி தொடங்கும் காலத்தில் வரும் காகிதக் கட்டுக்குள், தடித்த கையேட்டின் நடுவில், இதிலிருந்து விலகுவதற்கான விதியும் கடைசித் தேதியும் இருக்கும். எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு. தேதி தவறினால் அதற்குள் போனது போனதுதான். சில பள்ளிகளில் முழுவதும் விலகினால் ஆண்டு மலரிலும் பிள்ளையின் பெயர் வராது. ஆகவே முகவரி, பிறந்த இடம் ஆகியவற்றிலிருந்து மட்டும் விலக முடியுமா என்று முதலில் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் ராணுவ ஆள்சேர்ப்பாளருக்குப் போகும் பட்டியலிலிருந்து விலகத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கலாம். பள்ளி நிர்வாகிகளுக்கு எங்கள் கருத்து: இந்தத் தகவலைத் தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, தர வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டியலிலிருந்து பிறந்த இடத்தை நீக்கப் பள்ளி வாரியத்தின் ஒரு கூட்டம் போதும். அதைச் செய்யாமல் குடும்பங்களைக் காக்கிறோம் என்று சொல்வதில் பொருளில்லை.

ஆசிரியர் எழுதிவைக்கும் ஒரு வரி

மாணவி அழுதுகொண்டே தன் வீட்டு நிலையைச் சொல்கிறாள். ஆசிரியர் ஆலோசகருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்: ‘இவள் பெற்றோருக்கு ஆவணங்கள் இல்லை, கவனித்துக்கொள்ளவும்.’ அன்பினால் எழுதியதுதான். ஆனால் தனக்கு மட்டும் நினைவுக்காக எழுதிய குறிப்புக்குத்தான் ஃபெர்பாவில் விலக்கு. இன்னொருவருக்கு அனுப்பியதும், அது பள்ளி பாதுகாத்து வைக்கும் பதிவாகிவிடலாம், நீதிமன்ற ஆணைக்கும் உட்படும். ‘வீட்டில் ஏதோ கவலை, ஆதரவு தேவை’ என்று எழுதினால் அதே உதவி கிடைக்கும். கணினியில் ஏற்றியது பத்திரம் என்றும் நம்ப முடியாது. நாடெங்கும் பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் மென்பொருளில் 2024 டிசம்பரில் தகவல் திருட்டு நடந்தது.

சட்டத்தைச் சுட்டி, ‘குடியேற்ற நிலையைப் பதிந்தே ஆக வேண்டும்’ என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள். மத்திய சட்டம், இருக்கும் தகவலைப் பகிர்வதைத் தடுக்கக் கூடாது என்கிறதே தவிர, சேகரிக்கச் சொல்லவில்லை. அலபாமா 2011இல் சேர்க்கையின்போது நிலையைச் சோதிக்கச் சட்டம் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

பள்ளியில் பணிபுரியும் காவலர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளியின் காவல் பிரிவு தன் பணிக்காக உருவாக்கும் பதிவுகள் ஃபெர்பாவின் பாதுகாப்புக்குள் வராது. இரண்டு பையன்கள் இடைவேளையில் தள்ளிக்கொண்டதைத் தலைமையாசிரியர் கையாண்டால் அது கல்விப் பதிவு. காவலர் அறிக்கை எழுதினால் அது வேறு வழியில் பயணிக்கலாம். ஒழுங்குப் பிரச்சினையைக் காவலரிடம் தள்ளிவிடும் பள்ளி, குடியேறிய குடும்பத்துப் பிள்ளையைப் பெரிய ஆபத்தில் தள்ளுகிறது.

பிள்ளையின் பதிவைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்டு 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். குடியேற்ற நிலை பற்றிய குறிப்பு இருந்தால், தனியுரிமையை மீறுகிறது என்று காட்டி நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மறுத்தால் விசாரணை கேட்கலாம். ஃபெர்பா மீறலுக்கு மத்திய கல்வித்துறையில் 180 நாட்களுக்குள் புகார் தர வேண்டும்.

வாரண்ட் என்ற தலைப்பைப் பார்த்ததும் வழிவிடுவது

பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் கைது நடவடிக்கையைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று குடியேற்றத் துறைக்குள் இருந்த வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அது சட்டமாக இருந்ததில்லை. அது போனதால், முறையற்ற சோதனையையும் கைதையும் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் போய்விடவில்லை. ஆகவே ‘பள்ளிக்குள் வரவே மாட்டார்கள்’ என்று பெற்றோருக்கு உறுதி கொடுப்பதும் தவறு, ‘இனி எதையும் தடுக்க முடியாது’ என்று கைவிடுவதும் தவறு.

அதிகாரிகள் காட்டும் தாள்களில் வழக்கமானவை ஐ-200, ஐ-205. இரண்டிலும் ‘வாரண்ட்’ என்று பெரிதாக இருக்கும். கையெழுத்திட்டிருப்பவர் குடியேற்றத் துறையின் அலுவலர், நீதிபதி அல்ல. பள்ளியின் உள்பகுதிக்குள் சம்மதமின்றி நுழைய அது அதிகாரம் தராது. நீதிமன்ற வாரண்டின் தலையில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கும், அடியில் நீதிபதியின் கையெழுத்து இருக்கும். அதிலும் எந்த முகவரி, எந்த நபர், எந்தத் தேதிக்குள் என்பதை வரி வரியாகப் படிக்க வேண்டும். பதிவுகள் கேட்டுக் குடியேற்றத் துறையே அனுப்பும் சம்மனும் நீதிபதி கையெழுத்திடாததுதான். நீதிமன்றம் ஆணையிடும்வரை, அதற்கு இணங்கவில்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது. முறையான சம்மனுக்குப் பதிவைத் தருவதானால், சட்டம் விலக்களித்த சில சூழல்கள் தவிர, முன்கூட்டியே பெற்றோருக்குத் தெரிவிக்கப் பள்ளி முயல வேண்டும்.

வரவேற்பு மேசையில் இருப்பவர் முடிவெடுக்கக் கூடாது. அதிகாரியின் பெயர், அடையாள எண், துறை ஆகியவற்றைக் குறித்து, தாளை நகலெடுத்து, ‘எனக்கு அனுமதி தர அதிகாரமில்லை, பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியை அழைக்கிறேன்’ என்று சொல்லி வெளியே காத்திருக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை இன்று வந்திருக்கிறாரா என்ற கேள்விக்கும் அதே பதில்தான். தாளைப் படிப்பது பள்ளி மாவட்டத்துக்கான வழக்கறிஞரின் வேலை. பொய் சொல்வது, பிள்ளையை ஒளித்துவைப்பது, கையை நீட்டி மறிப்பது, இவை ஊழியரையே குற்றவாளியாக்கும். மீறி உள்ளே போனால் ‘நாங்கள் சம்மதிக்கவில்லை’ என்று உரக்கச் சொல்லி, நடப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சியைத் தலைமையாசிரியருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பேருந்து ஓட்டுநரையும் சமையலறை ஊழியரையும் பதிலி ஆசிரியரையும் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன. பின்வாசல் கதவைத் திறந்துவிடக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பழைய அவசரத் தொடர்பு அட்டை

அவசரத் தொடர்பு அட்டையை ஆண்டுத் தொடக்கத்தில் நிரப்பியதோடு மறந்துவிடுகிறோம். பெற்றோர் கைதாகி அழைத்துப்போக வர முடியாவிட்டால், பிள்ளையை யாரிடம் அனுப்பலாம் என்பதை அந்த அட்டைதான் தீர்மானிக்கும். அதில் யாரும் இல்லையென்றால் பள்ளி குழந்தைகள் நலத்துறையை அழைக்க வேண்டியிருக்கும். குறைந்தது மூன்று பேர் எழுதுங்கள், அவர்களில் ஒருவராவது நிலையான குடியேற்ற நிலை உள்ளவராக இருப்பது நல்லது. எண் மாறும்போதெல்லாம் திருத்துங்கள். கலிஃபோர்னியாவில், பிள்ளையோடு வசிக்கும் பெரியவர் பராமரிப்பாளர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டால் பள்ளியில் சேர்க்க முடியும். மற்ற மாநிலங்களில் பெயரும் விதியும் வேறு, சில இடங்களில் நோட்டரி வேண்டும். பிள்ளையின் மருந்து, ஒவ்வாமை, மருத்துவர் பெயர் ஆகியவற்றையும் அந்தப் படிவத்தின் நகலையும் அந்த உறவினர் வீட்டில் வையுங்கள். பிள்ளைக்கு அவருடைய தொலைபேசி எண் மனப்பாடமாக இருக்கட்டும், கைதாகும் பெற்றோரின் கைபேசி பிள்ளையிடம் வந்து சேராது.