மண் பூச்சுக்கு மலைவாழை நார்

பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியில் நாங்கள் காப்பி மூட்டை அடுக்கும் அறை, சுடாத பச்சைச் செங்கல் கட்டு. எத்தனை முறை மண் பூசினாலும் காய்ந்ததும் வெடித்துவிடும். சிமெண்ட் பூசச் சொன்னார்கள். மண் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டு, ஒருநாள் பாளம் பாளமாக விழும். அதனால் மண்ணிலேயே மலைவாழை நார் கலந்து பூசினேன். மூன்று வருஷமாக அப்படியே நிற்கிறது.

நார் சுவரின் பாரத்தைத் தாங்குவதில்லை. மண் காயும்போது சுருங்குகிறது, சுருங்கும் இடத்தில் வெடிக்கிறது. அந்த வெடிப்பின் இரு பக்கத்தையும் நார் இழுத்துப் பிடிப்பதால் மயிரிழையோடு நின்றுவிடும்.

குலை வெட்டியதும் சாய்க்கிற வாழைமரத்தைக் காயவிடாதீர்கள். பச்சையாக இருக்கும்போதே மட்டையை உரித்து, பலகையில் வைத்து, மழுங்கிய கத்தியால் சதை போகும்வரை வழியுங்கள். நடுக்குருத்தை ஒட்டிய உள்மட்டைகளில் நார் பலம் குறைவு, விட்டுவிடலாம். பிறகு தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றி அலசி, நிழலில் காயவையுங்கள். கறையும் சதையும் ஒட்டியிருந்தால் நார் பூசணம் பிடிக்கும். எங்கள் மலையில் பனி இறங்கும் நாட்களில் சீக்கிரமே பிடித்துவிடும்.

இப்போது நறுக்குவது. இரண்டு விரல்கடை நீளம் போதும். முதல் வருஷம் ஒரு சாண் நீளத்துக்கு விட்டேன்; நார் கரண்டியில் சுற்றிக்கொண்டு, பூசிய மண்ணையும் சேர்த்துப் பிய்த்து வந்தது. இரண்டு நாள் கூலி வீண்.

மண் ஊருக்கு ஊர் வேறு, அதனால் என் அளவை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு மணல் என்று கலந்து, சுவரில் ஒரு முழம் அளவுக்குத் தனித்தனியாகப் பூசிப் பாருங்கள். ஒரு வாரத்தில் வெடிப்பது எது, தேய்த்தால் உதிர்வது எது என்று தெரிந்துவிடும். இரண்டும் இல்லாத கலவைதான் உங்களுடையது. அதை மூன்று நாள் புளிக்க வையுங்கள். நூறு கிலோ காய்ந்த மண்ணுக்கு 1 கிலோ நார் என்று கணக்கு வைத்து, பூசுகிற அன்று காலையில் தூவித் தூவி மிதியுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உருண்டு கட்டிவிடும்.

சிமெண்ட் கலவைக்கு வாழைநார் வேண்டாம். அதில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். சிமெண்டின் காரம் நாளடைவில் நாரைத் தின்னும். லிக்னின் என்கிற, நாரைக் கெட்டியாக்கும் பொருள் அதிகமுள்ள தேங்காய் நார் அதைவிடக் கூடுதல் நாள் தாங்கும்.

சரி, பூசுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடாதீர்கள். மாசி, பங்குனிதான் நல்லது. சுவரை நனைத்து அரை அங்குலம் பூசி, ஈரம் இருக்கும்போதே கீறிவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் சலித்த மண்ணில் மெல்லிய இரண்டாம் பூச்சு. வெயில் படும் பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள்.