பேரேட்டைத் திறந்து வைத்துத் தொடங்குங்கள்: செட்டிநாட்டு நெசவாளர் கூட்டு நிறுவனம் அமைக்கும் முறை

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்பவர்களும், சுற்றியுள்ள ஊர்களில் பனையோலைக் கொட்டான் முடைபவர்களும், ஆத்தங்குடி டைல்ஸ் வார்ப்பவர்களும், தாங்கள் செய்த பொருள் என்ன விலைக்கு விற்கிறது என்பதை இன்று தங்கள் கைபேசியிலேயே பார்க்கிறார்கள். அந்த விலைக்கும் தங்கள் கைக்கு வரும் கூலிக்கும் உள்ள இடைவெளியைக் கண்டவுடன், நாமே இணையத்தில் கடை போட்டால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்தோடு வருபவர்களிடம், கடையைக் கடைசியில் போடலாம், கணக்கை முதலில் எழுதுவோம் என்றே நான் சொல்லி வருகிறேன். பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய நகரத்தார் வீடுகளில் பேரேடும் (வரவுசெலவுக் கணக்குப் புத்தகம்) குறிப்பேடும் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டன. அதே ஊரில் தறியோட்டியவர் வீட்டில் பேரேடு கிடையாது. மாற்றுப் பொருளாதாரம் என்று நாம் பேசுவது, அந்த வீட்டிலும் ஒரு பேரேடு திறக்கப்படும் நாளில்தான் தொடங்குகிறது. இக்குறிப்பு நெசவாளர்களை முன்வைத்து எழுதப்பட்டாலும், மற்றக் கைத்தொழில்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் மூன்று மாதம் சட்டப்படி எந்த நிறுவனத்தையும் பதிவு செய்யாதீர்கள், எந்தச் செயலியையும் தேடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து, ஒவ்வொரு சேலைக்கும் பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்), சாயம், கூலி, நாள் ஆகியவற்றை ஒரே மாதிரியான நோட்டில் எழுதி வாருங்கள். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா தணிக்கையாளராகப் பயிற்சி பெற்றவர். கிராமப் பொருளாதாரம் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் குஜராத்தின் மாதர் தாலுகாவில் 1929-30ஆம் ஆண்டுகளில் வீடு வீடாக வரவுசெலவு எடுத்தார். அதே வேலையைத்தான் நாமும் செய்யவேண்டும். எழுதும்போது, தார் சுற்றுபவரின், அதாவது ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றித் தருபவரின், நேரத்தைத் தனி வரியாக எழுதுங்கள். கூலி தறியில் அமர்பவர் பெயரில் வருவதால், பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் செய்யும் அந்த வேலை கணக்கிலேயே ஏறுவதில்லை. அது ஏறாத வரை சேலையின் உண்மையான அடக்கவிலை யாருக்கும் தெரியாது. பிறகு நாமே நிர்ணயிக்கும் விலையும் அந்தப் பெண்ணின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வதாகவே இருக்கும். நான் பார்த்தவரை, மற்ற எல்லாப் படிகளிலும் தவறினாலும் திருத்திக்கொள்ளலாம், இந்த ஒன்றில் தவறினால் நிறுவனம் பழைய முறையின் நகலாகிவிடும். ஆகவே பங்கு எடுக்கும்போதும், ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு என்று நிறுத்தாமல், உழைக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் எடுக்கவேண்டும்.

இதே நோட்டில் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தையும் எழுதுங்கள். பாவும் நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்பவரிடம் முன்பணம் நிலுவையாக உள்ள வீடு, ஒரே நாளில் அவரை விட்டு வெளியேற முடியாது. வெளியேறச் சொல்வதும் நியாயமன்று. மூன்று பாவு நெய்தால் அதில் ஒன்று மட்டும் கூட்டு நிறுவனத்துக்கு என்று தொடங்கலாம். இரண்டு தறி உள்ள வீட்டில் ஒன்றை விடுவிக்கலாம். முன்பணத்தின் பாக்கி எவ்வளவு என்பதை இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், பின்னால் வரும் சண்டைகள் குறையும்.

அடுத்தது சட்ட வடிவம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன்படி சங்கம் தொடங்க 25 பேர் வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாக இருந்தால், 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை வழிகள் கிடைக்கும். ஆனால் சங்கங்களைக் கண்காணிக்கும் அரசுப் பதிவாளரின் அதிகாரமும் கூடவே வரும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் அமையும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு 10 உற்பத்தியாளர்களும் குறைந்தது 5 இயக்குநர்களும் போதும். கைத்தறியும் கைவினையும் அதன் வரையறைக்குள் வெளிப்படையாகவே அடங்குகின்றன. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்பது அதன் உயிர்நாடி. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் தொடங்கிய கடையும் இந்த விதியைத்தான் கைக்கொண்டது, அவர்களிலும் நெசவாளர்கள் இருந்தார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் உற்பத்தியாளர் நிறுவனத்தையே பரிந்துரைக்கிறேன், தணிக்கையாளர் கட்டணத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்கும் நிபந்தனையோடு. எந்த வடிவமானாலும், உறுப்பினர் அல்லாத ஊராரிடம் வட்டி தருகிறோம் என்று பணம் வாங்கவே கூடாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, நல்ல நோக்கம் அதற்கு விலக்கு ஆகாது.

விலை வைக்கும்போது நம் வட்டாரத்தின் பழைய வழக்கமான மகமையை நினைவில் கொள்ளுங்கள். வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் எடுத்து வைத்த முறை அது. அதுபோல ஒவ்வொரு சேலையிலும் ஒரு பங்கைப் பொதுநிதியாக எடுத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் (தரையில் குழி வெட்டி அமைத்த தறி) ஈரம் ஏறி வேலை நிற்கும் நாட்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில்தான் வீடுகள் மீண்டும் முன்பணம் வாங்கப் போகின்றன.

இப்போதுதான் கைபேசிக்கு வருகிறோம். நிறுவனத்தின் பெயரில் தனி சிம் கார்டு, தனி மின்னஞ்சல், தனி வங்கிக்கணக்கு ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு சேலையைக்கூட இணையத்தில் விற்காதீர்கள். நான் உடனிருந்த ஒரு குழுவில் எல்லா ஆர்டர்களும் ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் சொந்த எண்ணுக்கே வந்துகொண்டிருந்தன. அவர் வேலை கிடைத்து வெளியூர் சென்றபோது, வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் அந்த எண்ணோடு போய்விட்டது. தவறு அவருடையதன்று, அப்படி அமைத்த எங்களுடையது. யுபிஐ கியூஆர் அட்டை நிறுவனக் கணக்குக்கே பணத்தைச் சேர்க்கவேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு குழுக்கள் போதும்: ஒன்று நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு, மற்றொன்று எல்லோரும் பேசும் குழு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரப் பேரேட்டுப் பக்கத்தின் படத்தை முதல் குழுவில் போட்டு, வாசிக்க முடியாதவர்களுக்காக அதையே குரல்பதிவாகவும் அனுப்புங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் சேருவதைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கியவரின் விவரம் பெரும்பாலும் தளத்திடமே தங்கிவிடும் என்பதால், வாங்கியவரின் சம்மதத்தோடு அவர் எண்ணை நம் பதிவேட்டிலும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சேலையோடும் ஒரு சிறு அட்டை வையுங்கள். நெய்தவர் விரும்பினால் அவர் பெயர், நெய்ய ஆன நாட்கள், விற்பனை விலையில் நூலுக்கும் கூலிக்கும் தார் சுற்றியவருக்கும் பொதுநிதிக்கும் போன தொகை ஆகியவை அதில் இருக்கட்டும். அதே பகிர்வை இணையத்திலும் வெளியிடுங்கள். விலைக்கும் கூலிக்கும் உள்ள இடைவெளியை மறைத்து வாழும் வணிகத்தின் எதிரில், விலையை இப்படித் திறந்து காட்டுவதை நான் இணையவழிப் போராட்டமாகவே கருதுகிறேன்.

போராட்டத்தின் மற்றொரு பகுதி போலிகளைப் பற்றியது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக நெசவாளர்கள் பதிவு செய்துகொள்ளலாம். விசைத்தறித் துணி கைத்தறிக் கண்டாங்கி என்று விற்கப்படுவதைக் கண்டால், சமூக ஊடகத்தில் கோபமாக எழுதுவதற்கு முன் ஒரு சேலையை ரசீதோடு வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். துணியின் மாதிரியையும் சேர்த்துக் கைத்தறித் துறைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். புகாரின் நிலை தெரியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டம், 2005இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் வரவேண்டும். ஏன் நடவடிக்கை இல்லை என்று கேட்காமல், இன்ன தேதியிட்ட புகாரின் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல் என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும். ஊராட்சிப் பகுதிகளில் இருப்பவர்கள், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் பொதுக் கொட்டகை, பாவு விரிக்கும் இடம் போன்ற கோரிக்கைகளைத் தீர்மானமாக்கலாம். காரைக்குடி மாநகராட்சி என்பதால் கிராம சபை நகரத்து நெசவாளர்களுக்கு இல்லை. அவர்கள் தங்கள் வார்டு உறுப்பினர் வழியாகச் செல்லலாம்.

உற்பத்தியாளர் நிறுவனம் பதிவான 90 நாட்களுக்குள் முதல் பொதுக்குழுவைக் கூட்டவேண்டும். நான்கில் ஒரு பங்கு உறுப்பினர் வந்தால் போதும் என்று சட்டம் சொன்னாலும், உங்கள் விதிகளில் அதைப் பாதியாக உயர்த்தி எழுதுங்கள். தறி ஓடாத நாளில், பெண்கள் வந்து உட்கார வசதியான நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். அன்று வேறு எதையும் பேசுவதற்கு முன், தார் சுற்றும் பெண்களில் ஒருவரே பேரேட்டை முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கட்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்வி கேட்க இடைவெளி விட்டு.